பூல் உலகச் சாம்பியன் ஒருத்தர் பெயர் சொல்லுங்க பார்ப்போம், கூகுள் பார்க்காம

சதுரங்கன்:
இன்னொரு இழையில் வெண்பந்து, "பூல் ஆட்டக்காரங்களும் உலகப் பிரபலங்கள்தான், உங்களுக்குத் தெரியலைன்னா அது உங்க பிரச்சனை" என்று எழுதியிருந்தார். அங்கே பேச்சு வேறு பக்கம் போய்விட்டதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன். (பூல் என்றால் குச்சியால் வெள்ளைப் பந்தை அடித்து மற்ற பந்துகளை மேசையின் பாக்கெட்டுகளில் தள்ளும் ஆட்டம்.)

டென்னிஸ் மட்டையைக் கையால் தொடாதவருக்கும் ஃபெடரரைத் தெரியும். சதுரங்கத்தில் குதிரை எப்படி நகரும் என்று தெரியாதவரும் கார்ல்சன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார். எய்ட் பால் பூல் என்ற மொபைல் கேமை உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் ஆடுகிறார்கள். பஸ்ஸில், வகுப்பில், மீட்டிங் நடுவில் மேசைக்கு அடியில். அவர்களில் ஒருவரை நிறுத்தி, நிஜ பூலில் இப்போது உலகச் சாம்பியன் யார் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். இவ்வளவு பேர் ஆடும் ஆட்டத்துக்கு இப்படி முகமே இல்லாத சாம்பியன்களை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

வெண்பந்து:
கார்லோ பியாடோ, பிலிப்பைன்ஸ். 2025ல ஜெட்டாவுல ஃபெடோர் கோர்ஸ்ட்டை ஃபைனல்ல ஜெயிச்சார். 2017லயும் அவர்தான். 2024 கோர்ஸ்ட், 2023 சான்செஸ் ரூயிஸ், 2022 ஷேன் வான் போனிங். போதுமா, இன்னும் வேணுமா?

சதுரங்கன் சார், 'பொதுமக்கள்'னா யாருங்கிறதை முதல்ல முடிவு பண்ணுங்க. மணிலாவுல போய் எஃப்ரென் ரெயெஸ் யாருன்னு கேட்டுப் பாருங்க, கேட்ட உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பாங்க. 1999ல உலக நைன் பால் பட்டம், 2004ல எய்ட் பால் பட்டம் (ரெண்டும் பூல்ல ரெண்டு வகை). அதை விடுங்க. 2003ல ஃபெர்னாண்டோ போ ஜூனியரோட சேர்ந்து சினிமாவுல நடிச்சிருக்கார். அந்த நாட்டு சினிமாவுல போ ஜூனியர்தான் முடிசூடா மன்னன், அடுத்த வருஷம் ஜனாதிபதி தேர்தல்லயே நின்னவர். அவர் பக்கத்துல நிக்க வைக்க ஒரு பூல் ஆட்டக்காரரைத் தேடிப் பிடிச்சாங்கன்னா, முகம் தெரியாத ஆளையா பிடிப்பாங்க?

சதுரங்கன்:
ரசிகரிடம் கேட்டால் ரசிகர் பட்டியலே போடத்தான் செய்வார். என் கேள்வி உங்களுக்கானது அல்ல, உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு.

ரெயெஸை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாடு, ஒரு மனிதர். விதிவிலக்கை வைத்து விதி எழுதாதீர்கள்.

வெண்பந்து:
ஒரு நாடா? 2022 மே மாசம் ஹனோய்ல தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி. ரெயெஸுக்கு 67 வயசு. ஆடினது பூல் கூட இல்லை, பாக்கெட்டே இல்லாத கேரம் பில்லியர்ட்ஸ் (கேரம்போர்டு இல்லீங்க). போட்டியாளர் அவங்க நாட்டுக்காரர் இல்லை, அவர் ஜெயிச்சா வியட்நாமுக்கு ஒண்ணும் கிடைக்கப்போறதும் இல்லை. ஆனாலும் வியட்நாம் ஜனங்க அவரைப் பார்க்க முண்டியடிச்சுக்கிட்டு வந்தாங்க. கடைசியில வெண்கலம்தான் வாங்கினார். யாரும் அதைப் பத்திக் கவலைப்பட்டதாத் தெரியலை.

தைவானையும் சேர்த்துக்குங்க. 2005ல காவ்சியுங்ல வூ ஜியாசிங் உலகச் சாம்பியன் ஆனப்போ வயசு 16. சீனாவுல பான் ஷியாவ்டிங்கை 'நைன் பால் ராணி'ன்னே கூப்பிடுவாங்க. நீங்க பார்க்கிற சேனல்ல வரலைங்கிறதுக்காக அவங்க இல்லைன்னு ஆயிடாது.

பழைய பெஞ்ச்:
இருவரும் ஸ்னூக்கரை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். அதே குச்சி, அதே பச்சைத் துணி. 1985 உலக ஸ்னூக்கர் இறுதிப் போட்டி, ஷெஃபீல்டின் க்ரூசிபிள் அரங்கம். ஸ்டீவ் டேவிஸ் 8-0 ஃப்ரேம் (ஒவ்வொன்றும் ஒரு தனி ஆட்டம்) என்று முன்னிலையில் இருந்தார். பெரிய கண்ணாடி போட்ட டென்னிஸ் டெய்லர் விடாமல் துரத்தி 17-17க்குக் கொண்டுவந்தார். கடைசியான முப்பத்தைந்தாவது ஃப்ரேமில் மேசையில் மிச்சம் கறுப்புப் பந்து ஒன்றுதான். டேவிஸ் மெல்லிசாகக் கட் செய்து போட வேண்டியது, தவறிவிட்டது. டெய்லர் போட்டார். அந்த முழுப் போட்டியிலும் அவர் முன்னிலைக்கு வந்தது அந்த ஒரு தருணத்தில்தான். நள்ளிரவு தாண்டிய நேரத்தில் பிபிசி 2ல் 1 கோடியே 85 லட்சம் பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே குச்சி ஆட்டம் என்றாலே மக்களுக்கு ஆர்வம் இருக்காது என்று சொல்ல முடியாது. கலர் டிவி வந்த புதிதில், 1969ல், வண்ணங்களைக் காட்ட வசதியாக இருக்கிறது என்று பிபிசி ஸ்னூக்கரைக் கையில் எடுத்தது. 1977லிருந்து உலகப் போட்டி வருடா வருடம் அதே அரங்கத்தில் நடக்கிறது. ஒரே சேனல், ஒரே இடம், ஒரே விதிமுறை. ஆட்டக்காரர்கள் வீட்டு மனிதர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். பூலுக்கு அப்படி ஒரு வளர்ப்புத் தாய் கிடைக்கவில்லை.

சதுரங்கன்:
இது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது, நன்றி.

கோடுதாண்டி:
டிவி ஒரு காரணம், சரி. ஆனால் அதற்கு முன்னாலேயே ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. அமெரிக்க பூலில் நெடுங்காலம் பெயர் தெரியாமல் இருப்பதுதான் பிழைப்பு. டோர்னமெண்ட் பரிசு சொற்பம்; உண்மையான காசு பந்தயத்தில். பந்தயம் கட்ட எதிராளி வேண்டும். உங்கள் முகம் தெரிந்தால் எவன் உட்காருவான்? மற்ற விளையாட்டில் புகழ் வந்தால் வருமானம் கூடும், இங்கே குறையும்.

வெண்பந்து கொண்டாடுகிற அதே ரெயெஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985ல் அவர் அமெரிக்கா போனபோது என்ன பெயரில் ஆடினார்? சீசர் மொராலெஸ். ரெயெஸ் என்ற பெயர் அவருக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, முகம்தான் போகவில்லை. ஆகவே பெயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்து உலகத் தரமான ஓர் ஆட்டக்காரர் தன் சொந்தப் பெயரைப் பாரமாக நினைத்த விளையாட்டு இது. இப்படி வளர்ந்த தொழிலிடம் போய், ஏன் உன்னை யாருக்கும் தெரியவில்லை என்று கேட்டால் என்ன பதில் வரும்?

அப்படியிருந்தும் ஒருவர் பெயர் அமெரிக்கா முழுக்கப் பரவியது. அது ரொம்ப வேடிக்கையான கதை. 1961ல் பூல் பந்தயக்காரர்களைப் பற்றிய 'தி ஹஸ்ட்லர்' படம் வந்தது. அதில் மினசோட்டா ஃபேட்ஸ் என்று ஒரு கற்பனைப் பாத்திரம். ருடால்ஃப் வாண்டரோன் என்ற பந்தய ஆட்டக்காரர், பெருத்த உடம்பு, வாய் ஓயாதவர், "அது நான்தான்" என்று கிளம்பினார். மூலக்கதை எழுதியவர் மறுத்தார். வாண்டரோன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்தப் பெயரிலேயே டிவிக்கு வந்தார், அமெரிக்காவிலேயே அதிகம் தெரிந்த பூல் ஆட்டக்காரர் ஆனார். பெரிய டோர்னமெண்ட் பட்டம் ஒன்றுகூட அவர் ஜெயித்ததில்லை.

அதே காலத்தில் வில்லி மொஸ்கோனி. ஸ்ட்ரெய்ட் பூல் என்ற இன்னொரு வகையில் 15 உலகப் பட்டம். 1954ல் ஒஹையோவின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஒரு பந்துகூடத் தவறாமல் தொடர்ச்சியாக 526 பந்து போட்டவர். 2019ல் ஜான் ஷ்மிட் 626 போடும்வரை அந்தக் கணக்கு அப்படியே நின்றது. கோட்டு சூட்டில் ஆடுவார், சூதாட்டக்காரன் என்ற பெயர் பூலுக்கு வந்ததே என்று பொருமுவார். படத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகரும் அவர்தான். பெயரை அள்ளிக்கொண்டு போனது ஃபேட்ஸ். 1978ல் இரண்டு பேரையும் டிவிக்காக மோத விட்டார்கள், பிரபல விளையாட்டு வர்ணனையாளர் ஹோவர்ட் கோசெல் வர்ணனை. ஃபேட்ஸ் கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார், மொஸ்கோனி முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பந்துகளைப் போட்டுக்கொண்டே இருந்தார். ஜெயித்தது மொஸ்கோனி. பார்த்த ஜனங்களுக்கு நினைவில் நின்றது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எட்டாம் நம்பர்:
ஆக, ஜெயிச்சவனுக்குக் கப்பு, பேசினவனுக்குப் பேரு. எங்க ஆபீஸ் மாதிரியே இருக்கு.

நிலா_ர:
கோடுதாண்டி சொன்ன கதைக்குப் பெண்கள் பக்கமும் ஒரு பதிப்பு இருக்கிறது. 1990களில் இஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனல் பெண்கள் பூலைத் தொடர்ந்து காட்டியது. அலிசன் ஃபிஷர் இங்கிலாந்தில் பெண்கள் ஸ்னூக்கர் உலகச் சாம்பியனாக இருந்துவிட்டு அமெரிக்கா வந்து, உலக நைன் பால் பட்டத்தை நான்கு முறை வாங்கினார். ஆனால் பூல் பார்க்காத அமெரிக்கருக்கும் தெரிந்த பெயர் ஜீனெட் லீ. கறுப்பு உடை, 'பிளாக் விடோ' என்ற பட்டப்பெயர்.

கோடுதாண்டி:
அதேதான் நிலா. ஆட்டம் இரண்டாம் பட்சம், வேஷம்தான் விற்கிறது.

நிலா_ர:
அவசரப்படாதீர்கள், நான் அதைச் சொல்ல வரவில்லை. வாண்டரோனையும் லீயையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். லீ உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர். 2001ல் அகிதாவில் நடந்த உலக விளையாட்டுகளில் தங்கம் வாங்கியவர். சின்ன வயதிலேயே முதுகுத்தண்டு வளைவு, அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை. அந்த முதுகோடு மேசை மேல் மணிக்கணக்கில் குனிந்து நின்றார். ஆண் பந்தயக்காரர் வாயடித்தால் அது 'சுவாரசியமான கதை', பெண் ஆட்டக்காரர் கறுப்பு உடை போட்டால் 'வேஷம்'. இந்த அளவுகோல் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் சொல்ல வந்தது, டிவி ஒரே ஆட்களை வாராவாரம் காட்டினால் மக்கள் பெயரை நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்பதுதான். அந்தக் காலகட்டத்தில் அமெரிக்காவில் ஆண் சாம்பியன்களைவிடப் பெண்கள் அதிகம் தெரிந்தவர்களாக இருந்தார்கள் என்றே நினைக்கிறேன். ஆண்கள் பக்கம் சங்கங்கள் உருவாவதும் உடைவதுமாக இருந்தன.

கோடுதாண்டி:
'வேஷம்' என்ற சொல் வேண்டாம் என்றால் 'அடையாளம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். லீ திறமைசாலி இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? ஃபிஷரும் அதே டிவியில்தானே வந்தார், வாராவாரம்? அவர் பெயர் ஏன் அந்த அளவுக்குப் போகவில்லை? டிவி மட்டும் போதும் என்ற உங்கள் கணக்கு அங்கேயே இடிக்கிறது.

வெண்பந்து:
சங்கம் உடையுறது பத்தி நிலா சொன்னது நூத்துக்கு நூறு. 2006ல ஐபிடின்னு ஒரு டூர், ரீனோ நகரத்துல போட்டி, முதல் பரிசு 5 லட்சம் டாலர். பூல் சரித்திரத்துல அதுவரைக்கும் கேள்விப்படாத தொகை. ஜெயிச்சது ரெயெஸ்தான். காசு? நேரத்துக்கு வரலை. அந்த டூரே படுத்துடுச்சு. இப்படி ஆனா எந்தச் சேனல் நம்பி வரும்? ஆட்டக்காரனைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்?

ஆனா இப்ப நிலைமை மாறுது. 2024 ஜெட்டா உலகப் போட்டியில மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர், சாம்பியனுக்கு மட்டும் 2.5 லட்சம். 1994லருந்து மொஸ்கோனி கப் நடக்குது, ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும். ஒரு தடவை பாருங்க, கால்பந்து மைதானம் மாதிரி பாட்டும் கூச்சலுமா இருக்கும்.

சதுரங்கன்:
கோப்பைக்குப் பெயர் 1993ல் காலமான ஆட்டக்காரருடையது. உயிரோடு இருப்பவர் யார் பெயரை வைத்தாலும் ஜனங்களுக்குப் புரியாது என்று பயந்துவிட்டார்களோ?

கிண்டல் போதும். பரிசுத்தொகை கூடினால் ஆட்டக்காரர் பிழைப்பார், நல்லது. பொதுமக்களுக்குத் தெரிவது தனி விஷயம்.

எட்டாம் நம்பர்:
நான் ஒரு சராசரி ஆள்ங்கிற முறையில சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நான் ஆடுறது எய்ட் பால். முழுக் கலர், பட்டை போட்டது, கடைசியில கறுப்பு. டிவியில பெரிய ஆளுங்க ஆடுறது நைன் பால். ஒம்பது பந்துதான் இருக்கு, டைமண்ட் மாதிரி அடுக்குறாங்க, யாரு பந்து யாருதுன்னே தெரியலை. நடுவுல ஒருத்தர் பந்தைப் போடாம வேணும்னே ஒளிச்சு வைக்கிறார், கூட்டம் கை தட்டுது. அது சேஃப்டியாம். தெருவுல கிரிக்கெட் ஆடுறவன் டிவியில பார்க்கிறதும் கிரிக்கெட்தான். இங்க நான் ஆடுறது ஒண்ணு, சாம்பியன் ஆடுறது வேறொண்ணு. அப்புறம் எப்படி அவரை எனக்குத் தெரியும்?

எனக்குத் தெரிஞ்ச ஒரே பூல்காரர் யூடியூப்ல பந்தை எல்லாம் வளைச்சு வளைச்சு அடிப்பாரே, ஃபிரான்ஸ்காரர், ஃப்ளோரியன் கோலர். உலகச் சாம்பியனெல்லாம் அப்புறம்தான்.

பழைய பெஞ்ச்:
எட்டாம் நம்பர் தம்பி சொன்னது இந்த இழையிலேயே உருப்படியான கருத்து. சிரித்துக்கொண்டே தள்ளிவிடாதீர்கள். டென் பால், ஒன் பாக்கெட், ஸ்ட்ரெய்ட் பூல் என்று இன்னும் இருக்கின்றன. எதில் ஜெயித்தவர் 'சாம்பியன்' என்று வெளியாளுக்கு விளங்கவே ஒரு வகுப்பு எடுக்க வேண்டும்.

வெண்பந்து:
சேஃப்டியைக் கேலி பண்றீங்களே, அதுலதான் உயிரே இருக்கு. 1995, ரீனோ, ரெயெஸும் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டும். ரெண்டு பேருக்கும் ஜெயிக்க இன்னும் ஒரே ரேக், அதாவது ஒரே ஒரு ஆட்டம். ஸ்ட்ரிக்லண்ட் வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் ஒளிச்சுட்டார். அடுத்து அடிக்க வேண்டிய அஞ்சாம் நம்பரை நேரா அடிக்க வழியே இல்லை. ரெயெஸ் சும்மா தொட்டாலே பெரிய விஷயம். அவர் வெள்ளையை மேசையோட எதிர்ச் சுவர்ல மோத விட்டு, அங்கிருந்து இந்தப் பக்கச் சுவர், ஆங்கில இசட் எழுத்து மாதிரி கோடு போட்டு வந்து அஞ்சை பாக்கெட்ல தள்ளினார். அந்த ரேக்கையும் மேட்ச்சையும் எடுத்துட்டார். இன்னைக்கும் அந்த கிளிப் சுத்திக்கிட்டே இருக்கு. கண்டிப்பா உங்க எல்லாரோட கண்ணுலயும் ஒரு தடவையாவது பட்டிருக்கும்.

சதுரங்கன்:
பட்டிருக்கிறது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது, "மனுஷனா மாயக்காரனா" என்று தலைப்புப் போட்டு. பெயர் இல்லை, ஊர் இல்லை, வருடம் இல்லை. பார்த்துவிட்டு வியந்தேன், அடுத்த குட்மார்னிங் படத்துக்குப் போய்விட்டேன். அது ரெயெஸ் என்று இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது.

வெண்பந்து:
அப்ப பார்த்து வியந்திருக்கீங்கல்ல! ஆளைத் தெரியும், பேரு மட்டும்தான் தெரியலை.

சதுரங்கன்:
பெயர் தெரியாமல் ஆளைத் தெரியும் என்றால் என் வாதம்தானே ஐயா அது!

கோடுதாண்டி:
சீசர் மொராலெஸ் கேட்டால் சந்தோஷப்படுவார்.

எட்டாம் நம்பர்:
சண்டை முடிஞ்சா ஒரு சந்தேகம். நைன் பால்ல நடுவுலயே ஒம்பதாம் பந்து உள்ள விழுந்துட்டா என்ன ஆகும்? மறுபடி எடுத்து வைக்கணுமா?

வெண்பந்து:
மேசையில இருக்கிறதுலயே சின்ன நம்பர் பந்தை வெள்ளை முதல்ல தொட்டுதா, அடி ஃபவுல் இல்லையா, அப்ப ஒம்பது விழுந்தா அந்த ரேக் உங்களுக்குத்தான். நடுவுல விழுந்தாலும் சரி. ஃபவுல் ஆயிருந்தா மட்டும் எடுத்து வைக்கணும்.

எட்டாம் நம்பர்:
அட, இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா அந்த ஜெட்டா மேட்ச்சைப் பாதியில ஆஃப் பண்ணியிருக்க மாட்டேனே.