எது நடந்தாலும் "பேய் வேலை" என்கிறார்களே, ஏன்?

கரிசல்காரன்:
நானும் சாமி கும்பிடுகிறவன்தான், நாத்திகச் சண்டை போட வரவில்லை. சித்தி வீட்டில் ஒரு வருடமாக ஒன்று மாற்றி ஒன்று. சித்தப்பாவின் மளிகைக் கடையில் நஷ்டம், தம்பிக்கு பைக் விபத்து, இப்போது காலேஜ் படிக்கிற தங்கை ராத்திரி தூங்காமல், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மா ஒரு ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப் போனார், அங்கே சாத்தானின் கட்டு என்றார்கள். குறி சொல்கிறவர் செய்வினை, வாசலில் தகடு புதைத்திருக்கிறது என்கிறார். டீக்கடை பாய், ஜின் சேட்டையாக இருக்கும், ஏர்வாடி தர்காவுக்குப் போய்ப் பாருங்கள் என்கிறார். மூன்று மதம், ஒரே பதில், பெயர்தான் வேறு. ஆனால் கடை ஏன் படுத்தது என்று எல்லோருக்கும் தெரியும், எதிரிலேயே பெரிய சூப்பர்மார்க்கெட் வந்துவிட்டது. சித்தப்பாவும் அதைத்தான் தினமும் புலம்புகிறார். தெரிந்தும் ஏன் பேய்?

ஏட்டுச்சுரைக்காய்:
கடைசியில் கேட்டீர்களே, அதுதான் விஷயமே. எவன்ஸ்-பிரிச்சர்ட் என்று ஒரு மானிடவியலாளர் 1920களின் பிற்பகுதியில் தெற்கு சூடானில் அசாண்டே மக்களோடு தங்கி இதைத்தான் பார்த்தார். அங்கே தானியக் குதிர்களைக் கால்கள் நட்டு உயரத்தில் கட்டுவார்கள், வெயில் நேரத்தில் அதன் நிழலில் உட்கார்ந்து பேசுவார்கள். சில சமயம் குதிர் சரிந்து ஆள் மேலேயே விழும். கால்களைக் கரையான் அரித்துவிட்டது என்பது அவர்களுக்கும் நன்றாகவே தெரியும், அதை யாரும் மறுக்கவில்லை. இத்தனை நாள் நின்ற குதிர், குறிப்பாக இவன் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து ஏன் விழுந்தது என்பதுதான் அவர்கள் கேள்வி. அதற்குக் கரையான் பதில் சொல்லாது, சூனியம் சொல்லும்.

உங்கள் சித்தப்பாவும் அதே இடத்தில்தான் நிற்கிறார். கடை நஷ்டத்துக்கு சூப்பர்மார்க்கெட் சரி. கடை, பைக், மகள் மூன்றும் ஒரே வருடத்தில் ஏன், அதுவும் என் வீட்டில் ஏன்? தற்செயல் என்று நாம் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் தற்செயலுக்குத் தாயத்துக் கட்ட முடியாதே. பேய் என்றால் செய்வதற்கு ஏதோ ஒன்று கையில் கிடைக்கிறது.

நைட்_ஷிஃப்ட்:
இதில் பாதி உடம்பு காட்டுகிற வித்தை. அமுக்குவான் பேய் எனக்கே வரும். கனவு காணும் நேரத்தில் நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை தசைகளைக் கட்டிப்போட்டுவிடுகிறது. சில நாள் அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிடும். கண் திறந்திருக்கும், விரல் அசையாது, நெஞ்சில் பாரம், அறையில் யாரோ நிற்பது நிச்சயமாகத் தெரியும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம். இந்த விளக்கம் தெரிந்த பிறகும் அந்த ஒரு நிமிடம் பேய்தான், அதில் சந்தேகமே வராது.

நாசரேத்_தம்பி:
விசுவாசிகள் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். பைபிளில் யோபின் கதையைப் படித்துப் பாருங்கள். சாத்தான் கடவுளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் அவருடைய சொத்து, பிள்ளைகள், உடம்பு மூன்றிலும் கை வைக்கிறான். ஆனால் யோபு தன் வாயால் ஒரு தடவைகூட சாத்தான் பெயரைச் சொல்வதில்லை, ஏன் எனக்கு என்று நேராகக் கடவுளிடமே வழக்காடுகிறார். அப்படி வழக்காட எல்லோருக்கும் தைரியம் வராது. நல்லவரான கடவுள் இதைச் செய்திருக்க மாட்டார், நானும் பாவம் எதுவும் செய்யவில்லை, அப்படியானால் மூன்றாவதாக ஒருவன் வேண்டும். சாத்தானை இழுத்தால் கடவுளும் தப்பித்தார், நாமும் தப்பித்தோம். கூட்டத்தில் மைக் பிடிப்பவர்கள் சிலருக்கு அது வசதியாகவும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

செவிலி_அக்கா:
நீங்கள் எல்லோரும் தத்துவம் பேசுங்கள், எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றித்தான் கவலை. வார்டில் நான் பார்த்தவரை, பேய் என்பது பல குடும்பங்களுக்கு மானத்தைக் காப்பாற்றுகிற பதில். மனநல டாக்டரிடம் காட்டினோம் என்று தெரிந்தால் நாளைக்கு வரன் வராது, பரம்பரையாக வருமா என்று கேட்பார்கள். காத்து கருப்பு பட்டிருக்கிறது என்றால் அது வெளியில் இருந்து வந்தது, வேப்பிலை அடித்தால் போய்விடும், பெண் மேல் பழி இல்லை. இதை மூடநம்பிக்கை என்று திட்டிவிட்டுப் போவது சுலபம், அந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கிற பயம் நிஜமானது.

கோயில் தர்கா எல்லாம் கெடுதல் என்றும் சொல்ல மாட்டேன். மனநோயாளிகள் தங்குகிற ஒரு முத்துசாமி கோயிலை பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை டாக்டர்கள் ஆராய்ந்து 2002-ல் எழுதினார்கள். 31 பேர், சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள், நோய் அறிகுறிகள் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. பேயோட்டம் எதுவும் இல்லை, கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது மாதிரி சின்னச் சின்ன வேலைகள், ஏச்சுப் பேச்சு இல்லாத இடம், அவ்வளவுதான். ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ஐயும் மறக்கக் கூடாது. ஏர்வாடியில் தர்கா பக்கத்தில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள், சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது 2017 மனநலச் சட்டப்படி குற்றம், கட்டிப்போட வேண்டும் என்று சொல்கிற இடத்துக்கு மட்டும் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

கரிசல்காரன்:
அக்கா, சித்தியிடம் எப்படிச் சொல்வது? "மனநோய்" என்று வாயெடுத்தாலே அழுகிறார்.

செவிலி_அக்கா:
அந்தச் சொல்லே வேண்டாம் தம்பி. தூக்கம் வரவில்லை, அதற்கு டாக்டரைப் பார்ப்போம் என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அடியுங்கள், தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை. ஏர்வாடியிலேயே இப்போது துவாவோடு (தொழுகை வேண்டுதலோடு) சேர்த்து மாத்திரை கொடுக்க அரசு டாக்டர்கள் வருகிறார்கள், அதனால் சித்தி வேண்டுதல் ஏதும் வைத்திருந்தால் தடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்கிற பூசாரியோ பாஸ்டரோ வந்தால் மட்டும் குறுக்கே நில்லுங்கள். இந்த வாரத்திலேயே போங்கள்.