டெயில் கட்டளைக்குக் கலைச்சொல்: வாலா, ஈறா?

வணக்கம்.

நிரல்கள் நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவுக்கோப்பில் (லாக்) புதிதாக விழும் வரிகளை, லினக்ஸ் போன்ற இயங்குதளங்களின் டெயில் கட்டளையால் முனையத்தில் உடனுக்குடன் பார்ப்பதற்கு 'வால்பிடித்தல்' என்று ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. தமிழில் வால்பிடிப்பவர் வேறு ஆள், வேண்டாம். 'கண்காணிப்பு' ஏற்கெனவே மானிட்டரிங்குக்குப் போய்விட்டது, அளவு மீறினால் எச்சரிக்கும் வேலை அது. டெயில் யாரையும் எச்சரிப்பதில்லை. கடைசி 10 வரிகளைக் காட்டும். எஃப் விருப்பத்தை (-f) சேர்த்தால் கோப்பின் முடிவிலேயே நின்று, அடுத்து எழுதப்படுவதையும் காட்டிக்கொண்டிருக்கும்.

சொல்லின் முடிவை இலக்கணம் ஈறு என்கிறது. கோப்பின் தொடக்க வரிகளைக் காட்டும் ஹெட் கட்டளை முதல், டெயில் ஈறு. எஃப் சேர்ந்தால் 'ஈற்றுத்தொடர்வு'.

சிக்கல் சின்ன எஃப் (-f), பெரிய எஃப் (-F) இரண்டுக்கும் பெயர் வைப்பதில். சின்ன எஃப் திறந்த கோப்பையே பற்றிக்கொள்ளும். பழைய பதிவுக்கோப்புகளை ஒதுக்கிவைக்கும் லாக்ரொட்டேட் நிரல் வந்து கோப்பின் பெயருக்குப் பின்னால் '.1' ஒட்டி ஒதுக்கிவிட்டு, சேவை புதுக் கோப்பில் எழுதத் தொடங்கிய பிறகும் டெயில் பழையதிலேயே நிற்கும். திரை அசையாது, பிழைச்செய்தியும் வராது. பார்ப்பவர் சர்வர் அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். பெரிய எஃப் பெயரைத்தான் பார்க்கும். அந்தப் பெயரில் புதுக் கோப்பு வந்ததும் அதற்குத் தாவும். கோப்பே இல்லையென்றால் திரும்பத் திரும்ப முயலும். ஆகவே முன்னது 'கோப்புத்தொடர்', பின்னது 'பெயர்த்தொடர்'. சரிப்படுமா?

மறுமொழி:

ஈறு பொருத்தம். 'பெயர்த்தொடர்' இடிக்கிறது, இலக்கணத்தில் அதற்கு வேறு பொருள் இருக்கிறது. 'கோப்புவழித் தொடர்வு', 'பெயர்வழித் தொடர்வு' என்று விரித்துவிடலாம். நீளம்தான், ஆனால் யாரும் இதைத் தட்டச்சிட்டுக் கட்டளை இடப்போவதில்லையே. லாக்ரொட்டேட்டில் காப்பிட்ரங்கேட் விருப்பம் (நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலியாக்குவது) வைத்திருந்தால் கோப்பு மாறாது, உள்ளடக்கம் மட்டும் காலியாகும். அங்கே கோப்புவழியே போதும்.

விளக்கத்தில் 'உடனுக்குடன்' மட்டும் வேண்டாம். டெயிலின் வெளியீட்டை, தேடும் சொல் உள்ள வரிகளை மட்டும் வடிக்கும் கிரெப்புக்கு அனுப்பி, அதன் வெளியீட்டை இன்னொரு பைப் வழியே அடுத்த கட்டளைக்கு விட்டால் வரிகள் இடையகத்தில் (பஃபர்) தேங்கி மொத்தமாகத்தான் வரும். கிரெப்புக்கு லைன்-பஃபர்ட் விருப்பம் கொடுத்தால்தான் வரிவரியாக வரும். 'எழுதப்பட எழுதப்பட' என்று போடுவோம்.

கோப்பைத் திரைதிரையாகப் படிக்க உதவும் லெஸ் கட்டளையையும் இதே கலைச்சொல் பதிவில் சேர்க்கலாம். பெரிய எஃப் அழுத்தினால் ஈற்றுத்தொடர்வு. கண்ட்ரோல்-சி அழுத்தினால் நின்றுவிடும், மேலே போய்த் தேடலாம். மறுபடி பெரிய எஃப் அழுத்தினால் முடிவுக்குத் திரும்பிவிடும்.