கொச்சியின் யூதர் தெருக்கள்: எர்ணாகுளம் மார்க்கெட்டில் தொடங்கிய நடை

கொச்சிக்குப் போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் மட்டாஞ்சேரியில் இறங்கி, பரதேசி ஜெப ஆலயத்துக்குள் பத்து நிமிடம் நின்று, தரையில் பதித்த நீல ஓடுகளைப் பார்த்துவிட்டு, வெளியே ஏலக்காயும் மிளகும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நானும் அக்காவும் இந்த முறை ஒரு தனி வழிகாட்டியை ஏற்பாடு செய்துகொண்டு போனோம். அவர் இல்லாமல் போயிருந்தால் கொச்சி யூதர்களின் கதையில் கால்வாசிகூடத் தெரிந்திருக்காது. போக நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வழிகாட்டி ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். பாலக்காட்டுப் பக்கம் நெடுநாள் வேலை பார்த்தவர் என்பதால் நல்ல தமிழ் பேசினார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ‘மாஷே’ (வாத்தியாரே) என்றுதான் கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அக்கா தமிழாசிரியை என்று தெரிந்ததும் அவர் அக்காவை ‘டீச்சர்’ என்றே அழைத்தார். போனில் பேசும்போதே ஒன்று சொன்னார்: “முதலில் மட்டாஞ்சேரி வேண்டாம் சாரே. எர்ணாகுளம் மார்க்கெட்டில் தொடங்கலாம். கதையில் பெரிய பாதி அங்கேதான் இருக்கிறது.”

எர்ணாகுளம் மார்க்கெட் எப்படி இருக்கும் என்று தெரியுமே, தள்ளுவண்டியும் மூட்டையும் ஆட்களுமாக நடக்கவே இடம் இருக்காது. அதற்குள் ஒரு செடிக்கடை. தொட்டிச் செடிகள், விதைப் பாக்கெட்டுகள், வண்ண மீன் தொட்டிகள். அந்தக் கடையின் வழியாகப் பின்பக்கம் போனால்தான் கடவும்பாகம் ஜெப ஆலயம். இங்கே பழைய காலத்திலேயே ஓர் ஆலயம் இருந்தது என்பது சமூகத்தின் மரபு. இப்போது நிற்கும் கட்டடம் 1700ஐ ஒட்டியது என்கிறார்கள். வழிபாடு 1972இல் நின்றுபோனது. தொழுகை தொடங்க வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். ஊரில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்ட பிறகு பத்துப் பேருக்கு எங்கே போவது? கடையை நடத்துபவரும் அதே சமூகத்தைச் சேர்ந்தவர்தான். அவர்தான் இத்தனை வருடமாக இந்த இடத்தைக் கட்டிக் காப்பாற்றி வருகிறார்.

உள்ளே தேக்கு மர வேலைப்பாடு பளிச்சென்று இருக்கிறது. எருசலேமை நோக்கிய மேற்குச் சுவரில், தோரா என்ற யூத வேதச் சுருள்களை வைக்கும் பேழை. நடுவில் நின்று வாசிக்க ஒரு மேடை. அதோடு நில்லாமல், மாடியில் பெண்கள் பகுதிக்கு முன்னால் இரண்டாவது மேடை ஒன்றும் உண்டு. இந்த இரட்டை மேடை கேரள யூத ஆலயங்களுக்கே உரியது. மாஷ் எங்களை மரப் படியில் மேலே அழைத்துப்போய் அங்கேயே உட்கார வைத்துப் பேசினார். கேரள யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மலையாளப் பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துப் பாடிவந்தவர்கள். கல்யாணப் பாட்டு, விவிலியக் கதைப் பாட்டு, தங்கள் ஆலயம் கட்டப்பட்ட கதையைச் சொல்லும் பாட்டு, எல்லாமே உண்டு. ஆண்கள் மத்தியிலும் கூச்சமில்லாமல் பாடினார்கள். இஸ்ரேல் போனபோது அந்த நோட்டுகளையும் பெட்டியில் எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய்த்தான் அவற்றைத் திரட்டினார்கள்.

இதே தெருவில் சில அடி தூரத்தில் தெக்கும்பாகம் ஜெப ஆலயமும் இருக்கிறது. அதை வெளியிலிருந்துதான் பார்த்தோம்.

இங்கேதான் மாஷ் கணக்குச் சொன்னார். இருபதாம் நூற்றாண்டில் கேரளத்தில் எட்டு ஜெப ஆலயங்கள்: மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, பறவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் கேரள யூதர்கள் ஏறக்குறைய 2,500 பேர். அதில் பரதேசிகள், அதாவது ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து பின்னால் வந்தவர்களின் வழியினர், மிகச் சிறிய பகுதி. மற்றவர்கள் எல்லாம் அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே வேரூன்றிய மலபாரி யூதர்கள். எட்டில் ஏழு ஆலயங்கள் இவர்களுடையவை. ஆனால் சுற்றுலாப் பயணிகளின் கண்ணில் படுவது எட்டாவது மட்டும்தான். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

அப்புறம் படகில் ஃபோர்ட் கொச்சி, அங்கிருந்து ஆட்டோவில் மட்டாஞ்சேரி. யூதர் தெருவில் பழம்பொருள் கடைகளும் மசாலாக் கிடங்குகளும்தான் இப்போது அதிகம். சுக்கும் மிளகும் கலந்த வாசனை தெருமுழுக்க இருக்கிறது. நட்சத்திரம் பதித்த ஜன்னல் கம்பிகள் சில வீடுகளில் இன்னும் உண்டு.

நேரே ஆலயத்துக்குப் போகாமல், மாஷ் எங்களைத் தெருவின் மறுமுனைக்கு அழைத்துப்போனார். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் ஆலயம் அங்கே இருந்தது. 1544 என்று மரபு சொல்லும் கட்டடம். சமூகம் போன பிறகு கைமாறிக் கிடங்காகிவிட்டது. உள்ளே இருந்த செதுக்கு வேலைப்பாடுள்ள மர அமைப்பு 1990களில் எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்று உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்கள் அங்கே அதைப் பார்க்கிறார்கள். இங்கே மிஞ்சிய கூட்டின் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது. மூன்றாவது ஆலயமான மட்டாஞ்சேரித் தெக்கும்பாகம் இப்போது இல்லவே இல்லை, எப்போதோ இடித்துவிட்டார்கள். ஒரே தெருவில் மூன்று ஆலயங்கள் இருந்தன என்பதைச் சொல்ல ஒரு ஆள் கூட இல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

பரதேசி ஆலயம் 1568இல் கட்டியது. கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டிய நிலத்தைக் கொடுத்தார். அரண்மனைக் கோயிலும் இதுவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 1662இல் போர்த்துக்கீசியர் தாக்கிச் சேதப்படுத்தினார்கள். மறு ஆண்டு டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகு திரும்ப எடுத்துக் கட்டினார்கள். மணிக்கூண்டு 18ஆம் நூற்றாண்டில் எசக்கியேல் ரஹாபி என்ற பெரும் வணிகர் கட்டியது. ஒரு முகத்தில் எபிரேய எழுத்து, இன்னொன்றில் ரோம எண், வேறொன்றில் மலையாள எண். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போக வேண்டும். சீனாவிலிருந்து வந்த, கையால் வரைந்த நீல ஓடுகளும், மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகளும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதையெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

என்னை நிறுத்தியது முற்றத்துச் சுவரில் பதித்திருக்கும் ஒரு கல். கொச்சியின் கொச்சங்காடிப் பகுதியில் முன்பு இருந்து மறைந்துபோன ஆலயத்தின் கல் அது, 1344ஐச் சேர்ந்தது. அதாவது இந்த ஆலயத்துக்கு இருநூறு ஆண்டு மூத்தது. தனியாகப் போயிருந்தால் கவனிக்காமலே தாண்டியிருப்போம்.

யூதர்களுக்குச் சேர மன்னன் உரிமைகள் வழங்கிய பழைய செப்பேடுகள் இந்த ஆலயத்தின் பாதுகாப்பில்தான் இருக்கின்றன, சாதாரணமாக யாருக்கும் காட்டுவதில்லை. மாஷ் ஒரு நகலும் அதன் தமிழ் எழுத்து வடிவமும் பையில் வைத்திருந்தார். சமூகத்தின் மரபு அதைக் கி.பி. 379 என்று சொல்லும், ஆய்வாளர்கள் கி.பி. 1000ஐ ஒட்டியது என்கிறார்கள். இரண்டையும் அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. சேர மன்னன் பாற்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் (இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கம்) இருந்தபோது ஈசுப்பு இரப்பான் என்பவருக்குக் கொடுத்தது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமையும், எழுபத்திரண்டு விடுபேறுகளும் (சிறப்புரிமைகள்), வரி விலக்கும். வட்டெழுத்தில் இருப்பதால் பார்த்த உடனே படிக்க முடியாது. ஆனால் தமிழ் எழுத்தில் வைத்துக்கொண்டு அக்கா நிறுத்தி நிறுத்தி வாசிக்க வாசிக்கப் பாதிக்கு மேல் புரிந்தது. பகல்விளக்கு, நடக்க விரிக்கும் பாவாடை, குடை, தோரணம்... அரசமரியாதைகளின் பட்டியல். கடைசியில் வேணாட்டு அரசர் உள்ளிட்ட சிற்றரசர்கள் சாட்சி. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு யூத வணிகருக்கு ஒரு சேரன் கொடுத்த வாக்கை, தெருத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தமிழ் டீச்சர் வாசித்துக்கொண்டிருந்தார். மாஷ் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். “நான் சொல்லிக் கேட்பதைவிட டீச்சர் வாசிப்பதுதான் சரி” என்றார்.

அடுத்து அவர் சொன்னது இனிப்பான கதை இல்லை. ஆலயத்தின் படிக்கட்டைக் காட்டி, “இங்கே ஒரு கூட்டம் உட்காரக் கட்டாயப்படுத்தப்பட்டது” என்றார். அந்தக் காலத்தில், அடிமைகளாக இருந்து விடுதலையாகி யூதர்களாக வாழ்ந்தவர்களும் அவர்கள் வழியினரும் பரதேசி ஆலயத்துக்குள் சமமாக உட்கார முடியாது, தோரா வாசிக்க முடியாது. இருக்கை தரையிலோ வெளியிலோதான். மலபாரி யூதர்களோடும் பரதேசிகள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. இந்த அநியாயத்தை எதிர்த்தவர் ஆபிரகாம் பாரக் சாலேம் (1882–1967), அந்த வழியில் வந்தவர், சென்னையில் சட்டம் படித்த வக்கீல், காங்கிரஸ்காரர். காந்தியின் சத்தியாகிரகத்தை ஜெப ஆலயத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். ‘யூத காந்தி’ என்று அவரைச் சொல்கிறார்கள். தடைகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்ந்தன. 1950இல் அவருடைய மகன் ஒரு பரதேசிக் குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்தபோதுகூடக் கொச்சியில் நடத்த முடியாமல் மும்பையில் நடத்தினார்கள்.

வழிகாட்டிகள் பலர் இந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. ‘எல்லா மதமும் ஒற்றுமையாக வாழ்ந்த ஊர்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். வெளியே இருந்தவர்கள் யூதர்களை நன்றாகவே நடத்தினார்கள் என்பது உண்மை, போர்த்துக்கீசியர் காலம் பெரிய விதிவிலக்கு. ஆனால் உள்ளுக்குள் இருந்த பிரிவினையையும் சொன்னால்தான் அது முழு வரலாறு. மாஷுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருப்பது இதற்காகத்தான்.

சாரா கோஹன் அம்மாவின் தையல் கடைக்கும் போனோம். அவர் 2019இல் 96 வயதில் காலமானார். ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணி, ஆண்கள் தொழுகையில் அணியும் சிறு தொப்பி என்று எல்லாவற்றையும் கையாலேயே எம்ப்ராய்டரி செய்தவர். கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். அந்தக் குடும்பத்தினர்தான் இப்போது அந்த இடத்தை அவர் நினைவாகக் காத்து வருகிறார்கள். அக்கா அங்கே நெடுநேரம் நின்றுவிட்டார்.

நேரம் இருந்தால் மறுநாள் பறவூரும் சேந்தமங்கலமும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கேரள அரசின் முசிரிஸ் பாரம்பரியத் திட்டத்தில் சீரமைத்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். சேந்தமங்கலத்தில் மரக் கூரையில் தாமரை வேலைப்பாடு, வெளியே 1269ஐச் சேர்ந்த சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல். பறவூரில் வாசல் மாளிகையிலிருந்து ஆலயம்வரை நீண்ட நடைபாதை. கூட்டமே இல்லை, நிதானமாகப் பார்க்கலாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பரதேசி ஆலயம் வெள்ளி மதியத்துக்கு மேலும் சனிக்கிழமையும் மூடியிருக்கும், யூதப் பண்டிகைகளிலும் அப்படியே. அதனால் வாரத்தின் முதல் பாதியில் போவது நல்லது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டியை முடிவு செய்யும்போது எந்தெந்த இடம், எவ்வளவு நேரம், படகும் ஆட்டோவும் யார் செலவு என்பதைப் பேசிவிடுங்கள். அதோடு ஒரு கேள்வி கேளுங்கள்: “எர்ணாகுளம் கடவும்பாகத்துக்கு அழைத்துப்போவீர்களா?” தயங்காமல் சரி என்பவரை வைத்துக்கொள்ளலாம். ஆட்டோக்காரரிடம் ‘ஜூதப்பள்ளி’ என்று சொன்னால் மட்டாஞ்சேரிக்குத்தான் விடுவார்கள், ‘எர்ணாகுளம் மார்க்கெட்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

எட்டில் எங்களால் பார்க்க முடியாமல் போனது மாளா. 1955இல் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அங்கிருந்த யூதர்கள் ஆலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள் என்று மாஷ் சொன்னார். அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது, உள்ளே விடுகிறார்களா, யாரிடம் சாவி கேட்க வேண்டும்? சமீபத்தில் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அடுத்த விடுமுறைக்கு அக்கா அங்கேதான் போக வேண்டும் என்கிறார்.