அருஸ்டுக்கில் நிலம் பார்த்த அனுபவம்: ஜூலையில் ஒரு தடவை, பிப்ரவரியில் ஒரு தடவை

குளிர்ப் பகுதியில் நிலம் வாங்கி, விளைவதைச் சாப்பிட்டுக்கொண்டு வாழலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் மனைவியும் பாஸ்டன் பக்கம் பன்னிரண்டு வருஷம் வாடகை வீட்டில் இருந்தோம். மேய்ன் மாநிலத்தின் வட கோடியில், கனடா எல்லையை ஒட்டிய அருஸ்டுக் கவுண்டியில் நிலம் நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டோம். மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 1960-இல் அங்கே ஒரு லட்சத்து ஆறாயிரம் பேர் இருந்தார்கள், 2020 கணக்கெடுப்பில் 67,105 பேர்தான். 1994-இல் லோரிங் விமானப்படைத் தளம் மூடியது பெரிய அடி.

முதலில் போனது ஜூலையில். உருளைக்கிழங்கு பூத்திருந்தது, மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையும் ஊதாவுமாக. மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தால் பொலபொலவென்று உதிர்கிறது. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. 40 ஏக்கர், முழுக்க மரம், ஓரத்தில் ஓடை. மனைவி அங்கேயே நின்று வீடு எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். முன்பணம் கொடுக்கும் நிலையில்தான் இருந்தோம்.

பக்கத்துப் பண்ணைப் பெரியவர் ஒருவர், எழுபது தாண்டியவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தச் சாலையில் பனிக்காலத்தில் யார் பனி வழிக்கிறார்கள்?" நிலத்தைக் காட்டிய தரகர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிப்ரவரியில் மறுபடி போனபோதுதான் அந்தக் கேள்வியின் கனம் புரிந்தது. நிலத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்னாலேயே வழித்த சாலை முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் இடுப்பளவு பனி. அங்கே பல சாலைகளைக் குளிர்காலத்தில் பராமரிப்பதில்லை என்று ஊராட்சியே முடிவு செய்து வைத்திருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். அந்தக் கவுண்டியிலுள்ள கேரிபூ ஊரில் ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாக 9 அடி பனி விழும், 2007-08இல் 16 அடிக்கு மேல். இதே கவுண்டியின் காட்டுப் பகுதியில் 2009 ஜனவரியில் மைனஸ் 45 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருக்கிறது. உடம்புக்கு ஒன்று என்றால் ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்று அந்தப் பனியில் நின்றபடி யோசித்துப் பாருங்கள்.

அன்றைக்குப் பெரியவர் எங்களைத் தன் விறகுக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார், கணீரென்று சத்தம். அடுத்த அடுக்கிலிருந்து இரண்டை எடுத்துத் தட்டினார், ஈரத் துணியை அடித்த மாதிரி தொப்பென்று இருந்தது. "முதல்லே தட்டினது ரெண்டு வருஷம் காய்ஞ்சது, இது போன வசந்தத்தில் பிளந்தது. இதை எரிச்சா சூடு தண்ணியை ஆவியாக்கவே போயிடும், புகைபோக்கியிலே தார் படிஞ்சு தீப்பிடிக்கும்." காய்ந்த கட்டையின் முனையில் நடுவிலிருந்து ஓரம் வரை நட்சத்திரம் மாதிரி வெடிப்பு ஓடியிருந்தது. அதை விரலால் தடவிக் காட்டினார். அவர் வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்கு 7 கார்டு விறகு வேண்டும். ஒரு கார்டு என்பது 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளத்துக்கு அடுக்கியது. மேப்பிள், பீச் மாதிரி வயிரமுள்ள மரக்காடாக இருந்தால், காடு அழியாமல் ஏக்கருக்கு வருஷம் அரை கார்டு எடுக்கலாம். அப்படியென்றால் விறகுக்கு மட்டும் 14 ஏக்கர். நாங்கள் மயங்கிப்போன 40 ஏக்கரில் பெரும்பகுதி சதுப்பு நிலத்து சிடார். வேலிக்கம்பத்துக்கு அருமையான மரம், ஆனால் ராத்திரி முழுக்க அடுப்பில் நின்று எரியாது.

அப்புறம் நிலவறை. வீட்டுக்கு அடியில் மண் தரையோடு ஓர் அறை, உள்ளே பெட்டிபெட்டியாக உருளைக்கிழங்கு, மணலில் புதைத்த கேரட், முட்டைக்கோஸ். வெளியே மைனஸ் 25, உள்ளே 4 டிகிரி. மே மாதம் வரை இதுதான் சாப்பாடு என்றார். உறைபனி விழாத நாட்கள் அங்கே ஏறக்குறைய 120தான், மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை. விளைய வைப்பது சிரமமே இல்லை, மண் கொடுத்துவிடும். விளைந்ததை எட்டு மாதம் கெடாமலும் உறையாமலும் வைத்திருக்க முடியுமா என்பதை வைத்துத்தான் அந்த இடத்தை எடைபோட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வீடு பார்க்கிறவர்கள் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னால் நிலவறையில் இறங்கிப் பாருங்கள்.

வரி, இணைய வசதி எல்லாம் விசாரித்தால் தெரிந்துவிடும். மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதை மட்டும் நீங்களே பனியில் ஓட்டிப் பாருங்கள். பிரசவ வார்டுகளை மூடிக்கொண்டு வருகிறார்கள், குழந்தை பெற நினைக்கும் இளம் தம்பதிகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

---

அண்ணா, நான் அதே கவுண்டியில் செயின்ட் ஜான் ஆற்றோரம் நாலு குளிர்காலம் கழித்தவள். நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. என் பங்குக்குக் கோழி பற்றி. முதல் வருஷம் குளிருக்குப் பயந்து கூட்டை ஒரு இடுக்கு விடாமல் அடைத்தேன். கோழிகளின் மூச்சும் எச்சமும் சேர்ந்து உள்ளே ஈரம் கட்டி, அது குளிரில் உறைந்து, பெரிய கொண்டை உள்ளவற்றுக்குக் கொண்டை நுனி கறுத்து உதிர்ந்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை, என் தப்பு. பக்கத்து வீட்டு அகாடியன் பாட்டி (அகாடியன் என்றால் அந்தப் பக்கத்தில் பழைய பிரெஞ்சுக் குடியேறிகளின் வழி வந்தவர்கள்) வந்து கூரைக்குக் கீழே காற்றுத் துளை போடச் சொன்னார். கியூபெக்கில் குளிருக்கென்றே உருவாக்கிய சான்டக்ளேர் இனத்தைச் சொன்னதும் அவர்தான், அதற்குக் கொண்டையே பட்டாணி அளவுதான்.

அவர் வீட்டில் ப்ளோய் என்று ஒன்று சுடுவார்கள். பக்வீட் என்ற தானியத்தின் மாவைக் கரைத்து ஊற்றி, திருப்பிப் போடாமல் ஒரு பக்கம் மட்டும் வேகவிடுவது. மேலே கண் கண்ணாக ஓட்டை விழும், அப்படியே நம் ஆப்பம்தான். பக்வீட் மூன்றே மாதத்தில் விளைந்துவிடுவதால்தான் அந்தக் குட்டிக் கோடையில் அது நிலைத்திருக்கிறது. அங்கே போகிறவர்கள் கோதுமைக்கு முன்னால் அதை விதைத்துப் பாருங்கள். அது சரி, கடைசியில் நிலம் வாங்கினீர்களா இல்லையா?

---

வாங்கிவிட்டோம் தங்கச்சி. அந்த 40 ஏக்கர் இல்லை. பள்ளிப் பேருந்து போகிற சாலை ஓரத்தில் 22 ஏக்கர், பாதிக்கு மேல் மேப்பிள். பள்ளிப் பேருந்து போனால் அந்தச் சாலையைக் கட்டாயம் வழிப்பார்கள் என்று பெரியவர் சொல்லிக்கொடுத்தார். வீடு இன்னும் கட்டவில்லை. 8 கார்டு விறகு பிளந்து அடுக்கி இது இரண்டாவது கோடை, போன மாதம் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வந்தோம்.