ஒரே வீட்டில் மூன்று தலைமுறைக்கு மனநல ஆலோசனை: சென்னையில் எங்கே தொடங்குவது?

கேள்வி: வில்லிவாக்கத்துக்காரி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மாவுக்கு 68 வயது. அப்பா காலமாகி ஓராண்டு ஆகிறது. சில மாதங்களாக அம்மா வாசலில் கோலம் போடுவதை நிறுத்திவிட்டார். காலையில் கொடுக்கும் காபி ஆடை படிந்து பத்து மணி வரை மேசையிலேயே இருக்கிறது. கேட்டால் "மூட்டு வலி" என்கிறார், சொன்னதையே மறந்து மறுபடியும் சொல்கிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஜூலையிலிருந்து பள்ளிக்குச் சரியாகப் போவதில்லை. சீருடை அணிந்து, ஷூவின் நாடாவைக் கட்டியபின், வயிறு வலிக்கிறது என்று அதை அவிழ்த்துவிடுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வலி வருவதில்லை. இருவருக்கும் நடுவில் எனக்கும் மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் இல்லை.

ஒரு தனியார் ஆலோசனை மையத்துக்கு மூவரும் சேர்ந்து போனோம். பத்து நிமிடம் பேசிவிட்டு, அம்மாவைக் கோயிலுக்கும் மகனைக் கராத்தே வகுப்புக்கும் அனுப்பச் சொன்னார்கள். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு யாருக்கும் எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். வந்து, பேசி, வீடு திரும்பும் விதத்தில் எல்லா வயதினருக்கும் ஒரே இடத்தில் சிகிச்சை கிடைக்குமா? அரசு மருத்துவமனை என்றால் உறவினர்கள் "கீழ்ப்பாக்கமா?" என்று கேட்பார்களே என்ற தயக்கமும் இருக்கிறது; அரசு மனநல மருத்துவமனை அங்கேதானே இருக்கிறது.

பதில் 1: பேச்சுத்துணை

சகோதரிக்கு வணக்கம். நான் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிகிறேன். உங்களைப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல முடியாது. வழியை மட்டும் சொல்கிறேன்.

மூவரும் ஒரே மையத்துக்குப் போகலாம், ஆனால் ஒரே நாற்காலி வரிசையில் உட்கார்ந்து ஒரே அமர்வில் பேசக் கூடாது. உங்களுக்கு நேர்ந்த பிழை அதுதான் என்று தோன்றுகிறது. மூவரையும் சேர்த்து வைத்துக் கேட்ட கதையில் யாருடைய துன்பமும் முழுமையாக வெளிவராது.

அம்மாவை முதலில் அழைத்துச் செல்ல வேண்டியது மனநல மருத்துவரிடம், அதாவது எம்.டி. அல்லது அதற்கு இணையான படிப்பு முடித்த, மருந்து எழுதும் உரிமை உள்ள மருத்துவரிடம். முதியவர்களுக்கு வரும் மனச்சோர்வு, அழுகையாக வராமல் உடல் வலியாகவும் மறதியாகவும் வருவது உண்டு; தைராய்டு குறைபாடும் வைட்டமின் பி12 குறைபாடும் ஏறக்குறைய அதே தோற்றத்தைத் தருவதால், இரத்தப் பரிசோதனை செய்யாமல் "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுவது நியாயமில்லை. மருந்து தேவைப்பட்டால், மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்திவிடும் குடும்பங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

மகனைப் பொறுத்தவரை, அவனுக்கு வரும் வயிற்று வலி பொய் அல்ல. பதற்றம் உண்மையாகவே வயிற்றைப் பிசையும். குழந்தைகள் நல மருத்துவர் ஒருமுறை பார்த்து வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்த பின், மருத்துவ உளவியலாளரிடம் பேச்சு வழிச் சிகிச்சை தொடங்கலாம். வீட்டில் இருந்துவிட்டால் அன்றைக்குக் கிடைக்கும் நிம்மதியே மறுநாள் பயத்தை வளர்க்கிறது என்பதால், பயப்படும் இடத்தைச் சிறு சிறு படிகளாக அணுக வைப்பதுதான் அதன் அடிப்படை: முதல் நாள் பள்ளி வாசல் வரை, பிறகு நூலகத்தில் ஒரு பீரியட், பிறகு அரை நாள். வகுப்பாசிரியரின் ஒத்துழைப்பு இல்லாமல் இது நடக்காது. அதற்கும் முன்னால், பள்ளியில் யாராவது அவனைச் சீண்டுகிறார்களா, பாடம் படிப்பதிலேயே சிரமம் இருக்கிறதா என்று கண்டறிய வேண்டும், ஏனென்றால் அடி விழும் இடத்துக்குப் படிப்படியாக அனுப்புவது சிகிச்சை ஆகாது.

அவன் தனியாகப் பேசியதை எல்லாம் உங்களிடம் சொல்லமாட்டார்கள். அதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உயிருக்கு ஆபத்து இருந்தால் பெற்றோரிடம் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தர வேண்டிய கடமையும் உண்டு. இந்த எல்லைகளை முதல் அமர்விலேயே அவனிடமும் உங்களிடமும் விளக்குகிறார்களா என்று கவனியுங்கள். விளக்கவில்லை என்றால் வேறு இடம் பார்க்கலாம்.

மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் ஆர்.சி.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. வழக்கமான அமர்வு 45 முதல் 50 நிமிடம் வரை நீடிக்கும், வாரம் ஒருமுறை நடக்கும். பத்து நிமிடத்தில் கராத்தே சொன்னது அறிவுரை, சிகிச்சை அல்ல.

பதில் 2: அயனாவரம் ரவி

"கீழ்ப்பாக்கமா?" என்ற கேள்விக்கு நானும் பயந்தவன்தான். என் தந்தையை முதல்முறை அழைத்துச் சென்றபோது, ஆட்டோக்காரரிடம் மருத்துவமனையின் பெயரைச் சொல்ல வாய் வராமல் "மேடவாக்கம் டேங்க் ரோடு" என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்துவிட்டு, "ஓ.பி.க்குத்தானே சார்? கேட்டுக்கு உள்ளேயே விட்டுடறேன், பெரியவர் நடக்க வேணாம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்கே நான் கண்டதைச் சொல்கிறேன். 1794-இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்குப் பூட்டிய கதவு மட்டுமே அடையாளம் என்று ஊர் நினைக்கிறது. ஆனால் காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, மாத்திரையை இலவசமாகப் பெற்றுக்கொண்டு மதியத்துக்குள் வீடு திரும்புகிறவர்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். எனக்கு முன்னால் நின்றவர் அலுவலக அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டிருந்தார். நானும் என்னுடையதை மறைத்திருந்தேன்.

குறையும் உண்டு. கூட்டத்தில் மருத்துவருக்கு உங்களோடு நீண்ட நேரம் பேச வாய்ப்பு கிடைப்பதில்லை. ஆகவே நோயறிதலுக்கும் மருந்துக்கும் அரசு மருத்துவமனை, வாராந்திரப் பேச்சுக்கு வேறு இடம் என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம். கீழ்ப்பாக்கம் வேண்டாம் என்றால் சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் மனநலப் பிரிவு உண்டு. அங்கே எந்தப் பிரிவுக்குப் போகிறீர்கள் என்று எந்த உறவினருக்கும் தெரியாது! அண்ணா நகர் மேற்கு விரிவில், மருத்துவர் சாரதா மேனன் முன்னின்று 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் உங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். மனச்சிதைவு நோய்க்காகத் தொடங்கப்பட்டாலும் முதியோர் மறதி நோய்க்கும் அங்கே சிகிச்சை நடக்கிறது.

பதில் 3: கணக்குப்பிள்ளை

செலவைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். என் மனைவிக்குத் தனியார் மையத்தில் அமர்வுக்கு 1,200 ரூபாய் கொடுத்தோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. நம்பிக்கையோடு விண்ணப்பித்தேன். ஆனால் எங்கள் பாலிசி உள்நோயாளிச் செலவுக்கு மட்டும் என்பதால் காய்ச்சலுக்கு ஓ.பி. பில் தராததைப் போலவே இதற்கும் தரவில்லை. சமத்துவம் என்றால் இதுதான் போலிருக்கிறது. பாலிசியில் வெளிநோயாளிச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். அலுவலகத்தில் ஊழியர் ஆலோசனைத் திட்டம் இருந்தால் சில அமர்வுகள் இலவசமாகக் கிடைக்கக்கூடும்.

மூன்று மணிக்கு விழிக்கும் உங்களுக்கு: 14416 என்ற டெலிமானஸ் மனநலத் தொலைபேசி உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய ஒன்றிய அரசின் சேவை அது.

வில்லிவாக்கத்துக்காரி

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு அந்த எண்ணை அழைத்தேன். அம்மாவையும் மகனையும் பற்றித்தான் பேசத் தொடங்கினேன். "நீங்கள் எப்போது சாப்பிட்டீர்கள்?" என்று எதிர்முனையில் கேட்டார்கள், பதில் சொல்லத் தெரியவில்லை.

அம்மாவின் இரத்தத்தை இன்று பரிசோதனைக்குக் கொடுத்தாயிற்று. வியாழக்கிழமை விடுப்பு எடுத்து ஸ்டான்லிக்கு அழைத்துச் செல்கிறேன். மகனின் வகுப்பாசிரியையைத் திங்களன்று சந்திக்கிறேன். ஒரு சந்தேகம்: "அந்த டாக்டரிடம் நீ இல்லாமல் நான் பேசலாமா?" என்று அம்மா கேட்கிறார். மறதி உள்ளவரைத் தனியாக விடலாமா?

பேச்சுத்துணை

தாராளமாக விடலாம். முதலில் நீங்கள் உள்ளே சென்று, மறதி எப்போது தொடங்கியது, என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து உட்காருங்கள். தனியாகப் பேச வேண்டும் என்று அவரே கேட்டிருப்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். மருத்துவருக்கு அது முக்கியமான தகவல்.