மீனா கல்யாணம்: பெரிய வீட்டுக் குழு

ராஜன் சித்தப்பா: எல்லாருக்கும் வணக்கம். மீனாவின் அழைப்பிதழ் இன்று மாலை அச்சுக்குப் போகிறது. பிழை இருந்தால் இப்போதே சொல்லுங்கள். பிறகு என் பெயருக்கு முன் 'திரு' இல்லை என்று யாரும் முகத்தைத் தூக்கிக்கொள்ளக் கூடாது.

சரசு அத்தை: யாரைச் சொல்கிறாய் என்று தெரிகிறது.

கவிதா: அப்பா, வாழ்த்துரைக்குத் தலைவர் பெயர் எதற்கு?

ராஜன் சித்தப்பா: பிரதேச சபையில் நம் ஆள். நம் தோட்டத்து லய வீடுகளுக்குப் பாதை போட்டுக் கொடுத்தவர்.

சரசு அத்தை: பாதி வரைக்கும்.

கவிதா: அவருடைய கட்சிப் பையன்கள் பரப்பும் படத்தைப் பார்த்தீர்களா? பிரகாஷ் அண்ணன் காலையில் இங்கேயே போட்டார்.

பிரகாஷ்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரசு அத்தை: நான் பார்த்துவிட்டேன். ஹனீபா நானாவின் மருமகன் முகம், குரங்கு உடம்பு, தலையில் தொப்பி, கையில் தராசு. வாலில் வாக்குப்பெட்டி.

பிரகாஷ்: தேர்தல் நேரத்துக் கேலிதானே அத்தை. இதனால் யார் செத்தார்கள்?

அதிபர் மாமா: தம்பி பிரகாஷ், 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனையில் செத்தார்கள். முஸ்லிம்கள் மேல் வெறுப்பு முதலில் கைப்பேசியில்தான் ஓடியது, பிறகு கடைகள் எரிந்தன. அரசாங்கம் பேஸ்புக்கையே முடக்கியது. 2020இல் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ருவாண்டாவில் 1994இல் வானொலி ஓர் இனத்தையே கரப்பான்பூச்சி என்று ஓதிக்கொண்டிருந்தது. மனிதனை மிருகமாக வரைந்து பழக்கிவிட்டால், அடிக்கிறவனுக்குக் கை கூசாது. இன, மத வெறுப்பைத் தூண்டுவது குற்றம் என்று 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், 3ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் கொண்டு 2019இல் ஒரு சிங்களச் சிறுகதை எழுத்தாளரை உள்ளே போட்டார்கள், அது வேறு கதை. ஆகவே நான் பொலிசை நம்பிச் சொல்லவில்லை. அந்தப் பையன்கள் யார் சொன்னால் கேட்பார்களோ அவர்தான் வாயைத் திறக்க வேண்டும்.

குமார் மச்சான்: மாமா, 'மேலும் படிக்க' என்று வருகிறது. சுருக்கமாக?

சரசு அத்தை: தலைவர் ஊமை என்கிறார்.

கவிதா: போன தேர்தலில் கொழுந்துக் கூடையோடு நம் பெண்களைக் குரங்காக வரைந்தார்களே, அன்றைக்கு ஹட்டன் மல்லியப்புச் சந்தியில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர் இவர்தான். இப்போது வரைந்தது தன் பையன்கள் என்றதும் சத்தத்தைக் காணோம்.

பிரகாஷ்: அவர் வரையச் சொல்லவில்லை.

கவிதா: நிறுத்தவும் சொல்லவில்லை.

கோத்தகிரி பெரியம்மா: பிரகாஷ், உன் தாத்தாவைக் கள்ளத்தோணி என்று ஏசியபோது நீ பிறக்கவில்லை. நம்மவர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தேன், இங்கே இன்றும் நான் சிலோன்காரி. மீனாவுக்கு என்ன நிறச் சேலை?

குமார் மச்சான்: மாம்பழ மஞ்சள்.

சரசு அத்தை: அரக்கு என்றல்லவா பேசினோம்?

அதிபர் மாமா: இன்னொன்று. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்கள் ஆக்கியபோது எதிர்த்தவர்களில் காங்கேசன்துறை உறுப்பினர் செல்வநாயகமும் ஒருவர். தோட்டத்தில் அவருக்கு ஒரு வாக்குக் கிடையாது. தன் கட்சித் தலைமையோடு முறித்துக்கொண்டு மறு வருடம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். நம் தலைவருக்கு அவ்வளவு வேலை இல்லை. தன் பையன்களைக் கூப்பிட்டு அதட்டினால் போதும், ஆனால் ஊரறிய.

ராஜன் சித்தப்பா: கல்யாண வீட்டில் அரசியல் வேண்டாம் என்று பார்க்கிறேன்.

கவிதா: பெயரைப் போட்டதே அரசியல்தான் அப்பா. வரவேற்புக்குப் பிரியாணி யார் சமைக்கிறார்?

ராஜன் சித்தப்பா: ஹனீபா நானா. முற்பணம் கொடுத்தாயிற்று.

சரசு அத்தை: நேற்று அவரைப் பார்த்தேன். படம் அவருக்கும் வந்திருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோழியா ஆடா என்று மட்டும் கேட்டார்.

குமார் மச்சான்: ஆடு.

அதிபர் மாமா: கோழி போதும். ஆட்டு விலை தெரியுமா?

கவிதா: பிரகாஷ் அண்ணா, நானாவிடம் நீங்கள் போய்ப் பேசுங்கள்.

பிரகாஷ்: என்னவென்று பேசுவது?

சரசு அத்தை: ஆடு என்று.

ராஜன் சித்தப்பா: தலைவரைத் தொலைபேசியில் பிடித்தேன். 'தேர்தல் முடியட்டும், பார்ப்போம்' என்கிறார். கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறாராம்.

கவிதா: வரட்டும். சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். வாழ்த்துரையை மாமா பேசட்டும்.

குமார் மச்சான்: மாமாவா? தாலி கட்ட நேரம் இருக்காது.

ராஜன் சித்தப்பா: அச்சகத்தில் முந்நூறு அட்டையைப் பெயர் இல்லாமல் அடிக்கச் சொல்லிவிட்டேன். மீதி நூற்றைம்பதுக்கு நாளை சொல்கிறேன்.

கவிதா: அந்த நூற்றைம்பது யாருக்கு?

கோத்தகிரி பெரியம்மா: எனக்கு எந்த அட்டை வரும்?