புதுப்பிப்பு: காரில் பாட்டு கேட்க ஆரம்பித்துவிட்டது

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: போன் கார் ப்ளூடூத்தோடு இணைகிறது, அழைப்பு வந்தால் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்கிறது, பாட்டு போட்டால் மட்டும் சத்தம் போனிலிருந்தே வருகிறது. இப்போது சரியாகிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

வேலூரில் ஒரு கடையில் காரின் மியூசிக் செட்டையே மாற்றச் சொன்னார்கள். நல்லவேளை, மாற்றவில்லை. அழைப்பு கேட்கிறது என்றாலே ஸ்பீக்கரும் வயரும் நன்றாக இருக்கின்றன என்று உங்களில் ஒருவர் எழுதியதுதான் என்னை நிறுத்தியது.

ப்ளூடூத்தில் அழைப்புக்கு எச்எஃப்பி என்று ஒரு வழி, பாட்டுக்கு ஏ2டிபி என்று வேறொரு வழி. முதலாவது மட்டும் இணைந்தாலும் திரையில் 'இணைந்தது' என்று காட்டக்கூடும். என் ஆண்ட்ராய்டு போனில் ப்ளூடூத் அமைப்புக்குள் போய், கார் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டுப் பார்த்தேன். 'அழைப்புகள்' ஆனில் இருந்தது, 'மீடியா ஆடியோ' ஆஃபில் இருந்தது! ஆன் செய்ததும் பாட்டு வந்தது.

ஆனால் மறுநாள் காலை பழைய கதைதான். அப்புறம் போனில் காரையும், கார் செட்டில் போனையும் நீக்கிவிட்டுப் புதிதாக இணைத்தேன். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் போதாது, முதலில் நான் அப்படித்தான் செய்து பார்த்தேன். செட்டில் எஃப்எம் ஓடாமல் ப்ளூடூத் ஆடியோ தேர்வாகி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நேற்று சத்துவாச்சாரியிலிருந்து ஆம்பூர் வரை அம்மா கேட்ட பழைய பாட்டெல்லாம் ஒருமுறைகூட நிற்கவில்லை.